நகராட்சி இணையதளத்தை எந்த வரிசையில் அடுக்குவது?

பிறப்புச் சான்றிதழ் தேடி நகராட்சி இணையதளத்தைத் திறக்கும் ஒரு தாய், அது ‘பொதுச் சுகாதாரப் பிரிவு’ என்ற தலைப்புக்குள் இருக்கும் என்று எப்படி ஊகிப்பார்? வீடு கட்ட வரைபட அனுமதி வேண்டுபவர் ‘பொறியியல் பிரிவு’ என்பதைத்தான் முதலில் அழுத்துவார். அங்கே சாலைப் பணிகளும் குடிநீர்த் திட்டங்களும் இருக்கும். அவருக்கு வேண்டியது ‘நகரமைப்புப் பிரிவு’ என்ற, அலுவலகத்துக்கு வெளியே அதிகம் பேர் உச்சரிக்காத பெயரின் கீழ் கிடக்கும். இவற்றையெல்லாம் விட விசித்திரமானது ‘வருவாய்ப் பிரிவு’. நகராட்சிக்குள் அந்தச் சொல் வரி வசூலைக் குறிக்கிறது. ஊராருக்கு வருவாய் என்றால் தாலுகா அலுவலகம். மகளின் கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் தேடி வந்தவர் அந்த இணைப்பை அழுத்திச் சொத்து வரி நிலுவைப் பட்டியலில் போய் நிற்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டின் நடுத்தர நகராட்சி ஒன்று தன் இணையதளத்தைச் சீரமைக்க முற்பட்டபோது, அந்தக் கலந்தாய்வுகளில் வெளியாளாக உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதல் கூட்டம் முழுவதும் முகப்பின் நிறத்தைப் பற்றியும், ஓடும் எழுத்துகளை நிறுத்தலாமா என்பதைப் பற்றியும் கழிந்தது. இரண்டாவது கூட்டத்தில்தான் உண்மையான கேள்வி மேசைக்கு வந்தது: பல ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட பக்கங்களை எந்த வரிசையில் அடுக்குவது? பிரிவு வாரியாக இருப்பதை அப்படியே விட்டுத் துப்புரவு மட்டும் செய்யலாம். வருபவர் யார் என்பதைக் கொண்டு பிரிக்கலாம். அவர் முடிக்க வந்த வேலையைக் கொண்டு பிரிக்கலாம். பிறப்பு, திருமணம், வீடு, இறப்பு என்று வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்டு பிரிக்கலாம். அல்லது எதையும் அடுக்காமல் பெரிய தேடல் பெட்டி ஒன்றை முகப்பில் வைத்துவிடலாம். இந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் அந்த அறையில் ஓர் ஆதரவாளர் இருந்தார், ஒவ்வொருவரிடமும் ஓரளவு நியாயமும் இருந்தது.

பிரிவு வாரி அடுக்கை எளிதில் கேலி செய்துவிடலாம் என்பதால் அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(ஆ)வின் கீழ், ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகிறது. அமைப்பின் கட்டமைப்பு, அலுவலர்களின் அதிகாரங்களும் கடமைகளும், முடிவெடுக்கும் நடைமுறை, அலுவலர் விவரம், ஊதியம், வரவு செலவுத் திட்ட ஒதுக்கீடு என்று போகும் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை அலுவலகத்தின் அமைப்பைச் சார்ந்தவை. அவற்றைப் பிரிவு வாரியாக அன்றி வேறு எப்படியும் ஒழுங்காக வைக்க முடியாது. ஒப்பந்தப்புள்ளி தேடும் ஒப்பந்ததாரருக்குப் பொறியியல் பிரிவு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தியாளரும், தணிக்கையாளரும், மன்றத் தீர்மானங்களைப் புரட்டும் ஆய்வு மாணவரும் அலுவலகத்தின் உள்ளமைப்பை அறிந்தே வருகிறார்கள்.

இதைவிட முக்கியமான நியாயம் ஒன்று உண்டு. பிரிவு வாரி அடுக்கில்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார். நகரமைப்புப் பக்கத்தில் பழைய கட்டணம் இருந்தால் நகரமைப்பு அலுவலரிடம் கேட்கலாம். அழகாக மறுசீரமைக்கப்பட்டு இரண்டே ஆண்டுகளில் பாழடைந்துபோன அரசுத் தளங்கள் பலவற்றில், பக்கங்கள் பிரிவுகளிடமிருந்து பிரிக்கப்பட்ட நாளிலேயே அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பும் அறுந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே பிரிவு வாரி அடுக்கை விட்டு வெளியேற விரும்புபவர், அந்தப் பொறுப்பை எப்படிக் கூடவே எடுத்துச் செல்லப்போகிறார் என்பதற்கும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும்.

அதன் குறை எங்கே தெரிகிறது என்றால், ஒருவருடைய ஒரே வேலை பல பிரிவுகளையும் பல துறைகளையும் தொடும் இடத்தில். வீட்டுமனை வாங்கி வீடு கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் அவர் பார்க்கும் வில்லங்கச் சான்றிதழ் பதிவுத்துறையினுடையது. பட்டா வருவாய்த் துறையினுடையது. வரைபட அனுமதிக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்க்க வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடு என்றால், 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், மாநில அரசின் ஒற்றைச் சாளரத் தளத்தின் வழியாக அனுமதி பெறலாம். மின் இணைப்பு மின்வாரியத்தில். வீடு எழும்பியபின் வரி விதிப்பு நகராட்சியின் வருவாய்ப் பிரிவில், குடிநீர் இணைப்பு பொறியியல் பிரிவில். மனை என்னவோ ஒன்றுதான். அதை வாங்கியவர் இத்தனை கதவுகளை, எது எந்தத் துறையினுடையது என்று முன்கூட்டியே அறிந்தவராக இருந்தால் மட்டுமே தட்ட முடியும் என்ற நிலையில், பிரிவு வாரி முகப்பு அவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

வருபவர் யார் என்பதைக் கொண்டு பிரிக்கும் வழியை அதிக நேரம் ஆராய வேண்டியதில்லை. ‘பொதுமக்கள், வணிகர்கள், சுற்றுலாப் பயணிகள், பணியாளர்கள்’ என்று நான்கு பெட்டிகளை வைத்தால் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் வீட்டின் முன்பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண், தன் சொத்து வரியைப் பொதுமக்கள் பெட்டியில் தேடுவாரா, வணிகர் பெட்டியில் தேடுவாரா? இரண்டிலும் வைத்தால் ஒரே பக்கத்துக்கு இரண்டு படிகள் உருவாகி, ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று விடுபட்டுப்போகும். பிரிட்டன் ஒரு காலத்தில் குடிமக்களுக்கு டைரக்ட்கவ் என்றும் தொழில் நடத்துவோருக்குப் பிசினஸ் லிங்க் என்றும் இரண்டு தனித் தளங்களையே நடத்தியது. 2012 அக்டோபர் 17 அன்று இரண்டையும் மூடி, கவ்.யூகே என்ற ஒரே தளத்தைத் திறந்தது. நகராட்சியைப் பொறுத்தவரை, ஒப்பந்ததாரருக்கும் பணியாளருக்கும் தனி வாசல் வைப்பதில் பொருள் இருக்கிறது. மற்றவர்களைத் ‘தாங்கள் யார்’ என்று வாசலிலேயே கேட்பது தேவையற்றது.

வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்டு அடுக்கும் யோசனை கேட்டவுடன் மனத்தைக் கவர்வது. சிங்கப்பூர் அரசு 1999இல் தொடங்கிய ஈசிட்டிசன் தளத்திலேயே இந்த எண்ணம் இருந்தது. பின்னர் 2018இல் குழந்தை பெற்ற குடும்பங்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய செயலி, 2020இல் லைஃப்எஸ்ஜி என்று பெயர் மாறி விரிந்தது. இந்த முறையின் வலிமையை நம் ஊரில் ஓர் இறப்பைக் கொண்டு பார்த்தால் புரியும். இறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும், அது நகராட்சியில். வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியரிடம். குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் குடிமைப் பொருள் வழங்கல் துறையில். சொத்து வரியிலும் குடிநீர் இணைப்பிலும் பெயர் மாற்றம் மறுபடி நகராட்சியில், ஆனால் வேறு பிரிவில். மின் இணைப்பு மின்வாரியத்தில். காரியம் முடிந்த பத்து நாள்களில், எதை முதலில் செய்வது, எதற்கு எது முன்நிபந்தனை என்று தெரியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு, இவை அனைத்தையும் வரிசைப்படுத்திச் சொல்லும் ஒரே ஒரு பக்கம் செய்யும் உதவி மிகப் பெரியது.

ஆயினும் முழுத் தளத்தையும் இப்படி அடுக்குவதை நான் ஆதரிக்கவில்லை. தெருவிளக்கு எரியாதது, சாக்கடை அடைத்துக்கொண்டது, நாய்த் தொல்லை, அரையாண்டு வரி ஆகிய எதுவுமே வாழ்க்கை நிகழ்வு ஆகாது. நகராட்சியைத் தேடி வருபவர்களில் பெரும்பாலானோர் இவற்றுக்காகவே வருகிறார்கள். பராமரிப்பிலும் சிக்கல் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலக நடைமுறை மாறும்போது நகராட்சிக்கு யாரும் கடிதம் எழுதிச் சொல்லப்போவதில்லை. பிற துறைகளின் கட்டணத்தையும் ஆவணப் பட்டியலையும் நகராட்சி தன் பக்கத்தில் எழுதி வைத்தால், அது பழசாகும் நாள் தெரியாமலே பழசாகும். கவ்.யூகே இதற்கு ஒரு நடுவழியைக் கண்டது. 2018இல் ‘கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுதல்’ என்ற தலைப்பில், உரிமத்துக்கு விண்ணப்பிப்பது முதல் தேர்வில் வெல்வது வரை படிப்படியாகச் செல்லும் வழிகாட்டியைத் தந்தது. ஒவ்வொரு படியும் உரிய பக்கத்துக்கு இட்டுச் செல்லும், வழிகாட்டியோ வரிசையை மட்டும் சொல்லும். நகராட்சிக்குப் பிறப்பு, இறப்பு, வீடு கட்டுதல் என மூன்று வழிகாட்டிகள் போதும் என்பது என் எண்ணம். அவற்றிலும் பிற துறைகளின் கட்டண விவரங்களை எழுதாமல், எங்கே செல்ல வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தேடல் பெட்டியின் ஆதரவாளர் சொன்ன வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. “எல்லோரும் கூகுளில் தேடித்தான் வருகிறார்கள், நம் முகப்பை யார் பார்க்கிறார்கள்?” என்று அவர் கேட்டார். நேரடியாக உள்பக்கங்களில் வந்து இறங்குபவர்கள் ஏராளம் என்பது உண்மைதான். அதனால்தான் ஒவ்வோர் உள்பக்கமும் தன்னளவில் முழுமையாக, ‘இது எந்த நகராட்சி, எந்தச் சேவை, அடுத்து எங்கே செல்வது’ என்பதைச் சொல்வதாக இருக்க வேண்டும். ஆனால் தேடல் இயந்திரம் எதைத் தேடுகிறது? எழுத்தாக இருப்பதைத்தான். நகராட்சித் தளத்தில் இருக்கும் ஆவணங்களைத் திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் கையொப்பமிட்ட தாளை அப்படியே படம் பிடித்த பி.டி.எஃப். கோப்புகள், இயந்திரத்தின் கண்ணில் அவை வெற்றுப் படங்கள். மீதியில் கணிசமானவை வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் பார்த்தால் தெளிவான தமிழ். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு ஏற்றது 2010இல். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழித்தும், தட்டச்சரின் கணினியில் பழைய எழுத்துரு இருக்கும்வரை தேடல் பெட்டிக்கு அந்தச் சுற்றறிக்கை கிடைக்காது.

தமிழுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. ‘பட்டா’ என்று தேடினால் ‘பட்டாவுக்கு’, ‘பட்டாவில்’ என்பன அகப்பட வேண்டும். ‘சான்று’, ‘சான்றிதழ்’ இரண்டும் ஒன்றென்று தளம் அறிந்திருக்க வேண்டும். ‘சாதி’, ‘ஜாதி’ என்ற இரு எழுத்துமுறைகளுக்கும் ஒரே விடை வர வேண்டும். ஒற்று மிகுந்ததா இல்லையா என்று பாராமல் தேட வேண்டும். ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டச்சும் பெருங்கூட்டத்தை மறந்துவிடவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அலுவலகச் சொல்லும் ஊர்ச்சொல்லும் வேறு வேறு. தளத்தில் ‘சொத்து வரி’, தெருவில் ‘வீட்டு வரி’. தளத்தில் ‘கட்டட வரைபட அனுமதி’, தெருவில் ‘பிளான் அப்ரூவல்’. தளத்தில் ‘தொழில் உரிமம்’ என்றிருப்பதைப் பழைய கடைக்காரர்கள் இன்றும் ‘டி அண்டு ஓ லைசென்ஸ்’ என்கிறார்கள். ஆபத்தான, அருவருப்பான தொழில்களுக்கான உரிமம் என்ற பழைய ஆங்கிலச் சட்டத் தொடரின் முதலெழுத்துகள் அவை என்பதை அறியாமலே மிட்டாய்க் கடைக்காரரும் அதைச் சொல்கிறார். இந்த ஊர்ச்சொற்களைப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால், வெளித் தேடல் இயந்திரங்களும் உள்தேடலும் ஒருசேரப் பயன்பெறும். ஆகவே தேடலுக்குச் செலவிட வேண்டிய பணம் பெட்டியின் மீதன்று, அது தேடப்போகும் எழுத்தின் மீதே செலவாக வேண்டும். அந்த வேலை ஓராண்டில் முடிவதும் அன்று.

எஞ்சியிருப்பது, முடிக்க வந்த வேலையைக் கொண்டு அடுக்குவது. வரி செலுத்த, சான்றிதழ் பெற, அனுமதி கோர, புகார் அளிக்க, அறிந்துகொள்ள என்று வினைச்சொற்களால் ஆன முகப்பு இது. வருபவர் தன்னை எந்த வகையிலும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை, அலுவலக அமைப்பையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. தான் வந்த காரியம் எது என்பது அவருக்குத் தெரியும், அது போதும். நகராட்சியின் வேலைகளில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது: சிறியவை, தனித்தனியானவை, திரும்பத் திரும்ப வருபவை. பருவத்துக்கு ஏற்ப முகப்பை மாற்றவும் இது வசதியானது. அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும், முதல் 30 நாள்களுக்குள் சொத்து வரி செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய், கிடைக்கிறது. அந்த வாரங்களில் வரி செலுத்தும் இணைப்பு முகப்பின் தலைமாட்டில் இருக்க வேண்டும். நவம்பரில் அந்த இடத்தை மழைக்காலக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண்ணுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையின் பலவீனமான இடம் ‘அறிந்துகொள்ள’ என்ற கடைசித் தலைப்பு. எதிலும் அடங்காதவை எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். ஒரே ஆண்டில் அது வீட்டுப் பரண் போல் ஆகிவிடும். இரண்டாவது பலவீனம், இந்த அடுக்கு எழுத்தாளரைக் கேட்கிறது. பிரிவு வாரிப் பக்கத்தில் ஓர் அரசாணையை ஏற்றிவிட்டு எழுந்துவிடலாம். வேலை வாரிப் பக்கத்தில் அந்த அரசாணையின் சாரத்தை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

அப்படி எழுதினால் பக்கம் எவ்வளவு மாறும் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பக்கத்தையே காட்டலாம். பழைய பக்கம், 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி நகராட்சி எல்லைக்குள் நிகழும் பிறப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று தொடங்கி, பதிவாளரின் அதிகாரங்களை விவரித்து, இறுதியில் ஒரு படிவத்தை இணைத்திருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு வந்து ஏமாந்து திரும்பியவர்கள் அடிக்கடி செய்த தவறு எது என்று சுகாதாரப் பிரிவு எழுத்தரிடம் கேட்டோம். அவர் சற்றும் யோசிக்காமல், “அம்மா வீட்டுல பிரசவம் பாத்துட்டு, சர்ட்டிபிகேட் கேட்டு இங்க வர்றாங்க சார்” என்றார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம். பிறப்பு பதிவாவதோ குழந்தை பிறந்த ஊரில், பெற்றோர் குடியிருக்கும் ஊரில் இல்லை. இந்த ஒரு செய்தி பழைய பக்கத்தில் ‘எல்லைக்குள் நிகழும்’ என்ற தொடருக்குள் ஒளிந்திருந்தது. புதிய பக்கத்தின் முதல் வரி இப்படி அமைந்தது: “குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரின் உள்ளாட்சியில்தான் சான்றிதழ் கிடைக்கும், நீங்கள் குடியிருக்கும் ஊர் வேறாக இருந்தால் இங்கே விண்ணப்பிக்க வேண்டாம்.” அடுத்த வரி, பெயர் இல்லாமல் பதிவான குழந்தைக்கு ஓராண்டு வரை கட்டணமின்றியும் அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம் என்பதைச் சொன்னது. சட்டத்தின் பெயர் பக்கத்தின் அடியில் போய் அமர்ந்தது. எந்த அடுக்கைத் தேர்ந்தாலும் இந்த வரியை எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுதியிருக்கலாம்தான், ஆனால் பிரிவின் பக்கம் என்று இருக்கும்வரை அது பிரிவைப் பற்றியே பேசுகிறது என்பதை அந்தப் பல ஆண்டுப் பழைய பக்கமே காட்டியது.

எனவே என் முடிவு, நம் பழைய வீடுகளின் முன்கட்டையும் பின்கட்டையும் ஒத்தது. முன்கட்டு வேலை வாரியாக இருக்கட்டும். அதில் பிறப்பு, இறப்பு, வீடு என்ற மூன்று படிப்படியான வழிகாட்டிகள் இருக்கட்டும். பின்கட்டு இப்போது போலவே பிரிவு வாரியாக இருக்கட்டும்; 17 வகைத் தகவல்களும், மன்றத் தீர்மானங்களும், ஒப்பந்தப்புள்ளிகளும், பணியாளர் விவரங்களும் அங்கேயே வாழட்டும். ‘அறிந்துகொள்ள’ என்ற பரண் கட்டப்படவே வேண்டாம், அதற்குள் போகக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்கட்டில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஒவ்வொரு முன்கட்டுப் பக்கத்தின் அடியிலும் அதற்குப் பொறுப்பான பிரிவு, அலுவலரின் பதவிப் பெயர், கடைசியாகச் சரிபார்த்த நாள் ஆகிய மூன்றும் அச்சாக வேண்டும். ஆளின் பெயர் வேண்டாம், இடமாற்றம் வந்தால் பெயர் பொய்யாகிவிடும். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள், 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு உட்பட, உள்ளடக்கத்தை யார் தருவது, யார் ஒப்புதல் அளிப்பது, எப்போது மறுஆய்வு செய்வது, எப்போது காப்பகத்துக்கு அனுப்புவது என்பதற்குக் கொள்கை வேண்டும் என்றே கேட்கின்றன. பல தளங்களில் அந்தக் கொள்கை அடிக்குறிப்பில் ஓர் இணைப்பாக மட்டும் இருக்கிறது. அதைப் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படும்படி செய்தால்தான், முன்னே சொன்ன பொறுப்பு அறுந்துபோகாமல் முன்கட்டுக்கு வந்துசேரும்.

இரட்டை அடுக்கு என்றால் இரட்டைச் செலவு என்ற மறுப்பு எழுந்தது. அப்படி ஆவது, ஒரே செய்தியை இரு இடங்களில் எழுதினால் மட்டுமே. கட்டணம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மற்ற இடத்திலிருந்து இணைப்பு மட்டும் செல்ல வேண்டும் என்ற கண்டிப்பு இருந்தால் கூடுதல் செலவு பக்கங்களை எழுதும் முதல் சில மாதங்களோடு நின்றுவிடும். எழுத வேண்டிய பக்கங்களும் நாம் அஞ்சும் அளவுக்கு அதிகம் அல்ல, ஏனெனில் நகராட்சியிடம் பொதுமக்கள் கேட்கும் வேலைகள் கைவிரல்களை இரண்டு மூன்று முறை மடக்கினால் அடங்கிவிடும். மாவட்ட நிர்வாகத் தளங்களைப் போல, தேசியத் தகவலியல் மையம் தரும் பொது வார்ப்பில் இயங்கும் தளங்களுக்கு இந்தத் தேர்வு முழுமையாகக் கையில் இல்லை. அங்கே பட்டியல்களின் அமைப்பு பெரும்பாலும் எல்லா மாவட்டங்களுக்கும் ஒன்றே. ஒரு மாவட்டத் தளத்தில் பழகியவர் இன்னொன்றிலும் தடுமாற மாட்டார் என்ற நன்மையும் அதற்கு உண்டு. அத்தகைய இடத்தில் தலைப்புகளை ஊர்ச்சொல்லுக்கு மாற்றுவதும், முதல் பத்தியைத் திருத்துவதும், விரைவு இணைப்புகளைத் தேர்ந்தெடுப்பதுமே செய்யக்கூடியவை. அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கூட்ட அறையில் செய்யக் கூடாது. வரி வசூல் மையத்தின் வரிசையில் நிற்பவர்களிடம், ஒவ்வொரு சேவையின் பெயரும் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவற்றை ஒன்றாக அடுக்கித் தரச் சொல்வது பழைய, மலிவான, நம்பத்தக்க முறை. நாங்கள் அதைச் செய்தபோது, ‘பாதாளச் சாக்கடை இணைப்பு’ என்ற அட்டையைப் பலர் குடிநீர் இணைப்போடு வைக்காமல் வீடு கட்டும் அட்டைகளோடு வைத்தார்கள். ஒரு பெரியவர் அட்டைகளை வாங்கி, ‘பணம் கட்டுவது’, ‘பணம் கட்டாமல் கேட்பது’ என்று இரண்டே குவியலாகப் பிரித்துக் கொடுத்தார். சிரித்தோம். ஆனால் புதிய முகப்பில் ‘செலுத்த’ என்ற தலைப்பு முதலிடம் பெற்றதில் அவருக்குப் பங்கு உண்டு. அடுத்த கட்டமாக, புதிய தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு, “தெருவிளக்கு எரியவில்லை, எதை அழுத்துவீர்கள்?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் அழுத்தமே தவறினால் தலைப்பை மாற்ற வேண்டும், அழுத்தியவரை அல்ல.

பழைய முகவரிகளைப் பற்றி ஒரு சொல். வரி ரசீதுகளிலும், அறிவிப்புப் பலகைகளிலும், கியூஆர் குறியீடுகளிலும், இ-சேவை மைய ஊழியர்களின் கணினிகளிலும் பழைய பக்க முகவரிகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு பழைய முகவரியும் புதிய பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிடப்பட வேண்டும். ‘பக்கம் இல்லை’ என்ற செய்தியை ஒருவர் பார்த்தால்கூட அது சீரமைப்பின் குறையாகவே கணக்கில் சேரும்.

கடைசியாக, எப்போது மாற்றுவது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஊக்கத்தொகைக்காக வரி செலுத்துவோர் குவிவார்கள். மே, ஜூன் மாதங்களில் பள்ளிச் சேர்க்கைக்காகப் பிறப்புச் சான்றிதழ் தேடுவோர் வருவார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிசம்பர் முடியும்வரை தளத்தில் கை வைக்க முடியாது. ஜனவரியில் பொங்கல், அதன்பின் மார்ச் வரை நிதியாண்டு இறுதியின் நிலுவை வசூல். மீதமிருப்பது ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். அவற்றில் முதல் இரண்டு மாதங்களில் மாற்றி, அக்டோபர் முதல் தேதிவரை பழைய பிரிவுப் பட்டியலுக்கு முகப்பின் அடியில் ஓர் இணைப்பை விட்டுவைக்குமாறு பரிந்துரைத்தோம்.